கெய்னர் வாய்விட்டுச் சொன்னவை

கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள தெருக்களில் பிறந்த பெண்களுக்குச் சில விஷயங்களை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. புருஷன் கடலுக்குப் போகும் நாளில் துணி துவைக்கக் கூடாது. துவைத்தால் அலை அவனைக் கழுவிக்கொண்டு போய்விடும். கிளம்புகிறவனுக்குக் கையசைக்கக் கூடாது. பன்றி என்ற சொல்லை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, எது நடந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயமிருக்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்லவே கூடாது. கெய்னர் பிளாஞ்சர்டுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. மற்றவற்றையெல்லாம் காலப்போக்கில் தளர்த்திக்கொண்டவள் கடைசி ஒன்றை மட்டும் விடவில்லை.

அவள் அப்பா ஐஸ்லாந்துப் பக்கம் போகும் பெரிய மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு ஜனவரி விடியற்காலையில் அவர் வாசலில் நின்று பூட்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் அம்மா, தளத்தில் ஐஸ் கட்டியிருக்கும், பார்த்து நட என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவ்வளவுதான். அவர் திரும்பி வரவில்லை. கம்பெனி ஆள் வந்து தொப்பியைக் கழற்றியபோது, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். அதன்பிறகு சாகும்வரை அவள் ஐஸ் என்ற சொல்லை எடுக்கவில்லை. ஐஸ் பெட்டியை 'அந்த வெள்ளைப் பெட்டி' என்பாள். கோடைக்காலத்தில் தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தால், "ஒரு கூம்பு வாங்கித் தின்னு" என்று காசு கொடுப்பாள். கெய்னருக்கு ஐந்து வயதானபோது அம்மாவிடம் தொடங்கிய பழக்கம் இது. சிரிப்பு வருகிற விஷயம்தான். ஆனால் கெய்னர் ஒருநாளும் சிரித்ததில்லை.

பள்ளியை முடித்ததும் மீன் தொழிற்சாலைக்குப் போனாள். வரிசையில் நின்று ஹாடக் மீனின் முள்ளெடுக்கும் வேலை. அங்கே மீன்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கும் ஆட்களோடு ஒருநாள் நெவில் வந்தான். சின்னப் படகொன்றின் மேல்தளத்தில் வலை இழுக்கும் ஆளாக இருந்தவன். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். கல்யாணத்துக்கு முன் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: நீச்சல் தெரியுமா? தெரியாது என்றான். அந்த ஊரில் கடலுக்குப் போகிற யாருக்குத்தான் தெரியும்? கல்யாணம் நடந்தது. பிள்ளை இல்லை. படகுகளை ஒவ்வொன்றாக விற்றார்கள், உடைத்தார்கள். நெவில் கரைக்கு வந்து மீன்சந்தையில் பெட்டி தூக்கினான். தூக்கித் தூக்கி முழங்கால் போனது. அதற்குப் பின்னால், மெதுவாக, மூச்சு.

மூச்சைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. காலையில் கெய்னர் தேநீரை வைத்துவிட்டு, "இன்னைக்கு வானிலை எப்படி?" என்பாள். "லேசா கிழக்குக் காத்து" என்றால் மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று இறங்கியிருக்கிறான் என்று அர்த்தம். "கொஞ்சம் அலை" என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்திருக்கிறான். இதற்கு மேல் கேள்வியும் கிடையாது, பதிலும் கிடையாது. அவள் குனிந்து அவனுக்குக் காலுறை மாட்டிவிடுவாள். மாட்டும்போது இரண்டுபேரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

இதனால்தான் நெவில் அறுபத்தைந்து வயதிலும் வேலை அலுவலகத்துக்குப் போய், வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். உடம்பு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அவன் சொல்லவில்லை. அங்கே அவனைப் பார்க்கும் இளைஞனும், பென்ஷன் வயது நெருங்குகிற ஆள் என்று பெரிதாக எதுவும் கேட்பதில்லை. இருவருக்கும் சேர்த்து அரசு உதவித்தொகை வந்தது. கெய்னர் காலையில் பள்ளிச் சமையலறையில் சில மணி நேரம் வேலை பார்த்தாள். வண்டி எப்படியோ ஓடியது.

செப்டம்பரில் அந்த இளைஞன் கெய்னரைத் தனியாகக் கூப்பிட்டான். நவம்பரில் நெவிலுக்கு அறுபத்தாறு முடிகிறது. பென்ஷன் வரும், ஆனால் வரும் பென்ஷன் அப்படியே இருவரின் உதவித்தொகையிலிருந்து கழிந்துவிடும். வயதானவர்களுக்கென்று கொடுக்கும் கூடுதல் பணம் தனியாக இருக்கிறதே என்று அவள் கேட்டாள். அது தம்பதியில் இரண்டுபேருமே பென்ஷன் வயதைத் தொட்டால்தான் கிடைக்கும் என்றான். அவள் வயதுக்காரர்களுக்கு அது அறுபத்தேழு; அவள் தொட இன்னும் பதின்மூன்று வருஷம். அதுவரை வேலை தேடும் கடமை முழுக்க அவள் தலையில். பள்ளியில் பார்க்கும் நேரம் போதாது. முழுநேர வேலை பார்க்க வேண்டியிருக்கும். தொழிற்சாலையில் பகல் ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நல்ல மனதோடுதான் சொன்னான்.

கெய்னர் பஸ்ஸில் திரும்பி வரும்போது தொழிற்சாலையை நினைக்கவில்லை. காலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் மாலைவரை அந்த வீட்டில் அவன் மட்டும் இருப்பான். அதைத்தான் நினைத்தாள். நினைத்தபோதே அதற்கடுத்த நினைப்பும் வந்தது. அதை முழுசாக நினைத்துமுடிக்கக்கூட அவளுக்குத் தைரியமில்லை. ஜன்னலுக்கு வெளியே கடைப்பலகைகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் வாசித்தபடி வந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் நெவில் கோட்டை மாட்டிக்கொண்டான். பழைய படகு ஆட்கள் கூடும் கிளப்புக்குப் போய்வந்தான். அங்கே எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். யாரோ ஒருவனுடைய மச்சான் இதே சிக்கலில் மாட்டி, காகிதத்தில் பெண்டாட்டியை விட்டுப் பிரிந்துவிட்டானாம். தனி ஆள் என்றால் கிழவனுக்கு அந்தக் கூடுதல் பணம் முழுசாகக் கிடைக்கும். பெண்டாட்டிக்குத் தனி உதவித்தொகை. இரண்டையும் கூட்டினால் சேர்ந்திருப்பதைவிட அதிகம்.

மறுநாள் பொரித்த மீனும் ரொட்டியும் சாப்பிடும்போது நெவில், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "டெரிக் வீட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்கு. தரைத்தளம். நான் அங்க போயிடறேன்."

டெரிக் அவன் தம்பி. பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில் கடற்கரையை ஒட்டி தனியாக இருக்கிறான்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் கெய்னர்.

"காகிதத்துக்குத்தான். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வருவேன். துணியக் கொண்டாந்து போடறேன், நீ துவச்சிரு. இதுல என்ன?"

"டெரிக் சமைக்கிறத நீ தின்னுருவியா?"

"கப்பல்ல இதவிட மோசமா தின்னிருக்கேன்."

அவள் சிரித்தாள். அவன் அவளுக்குச் சிரிப்புமூட்டத்தான் அதைச் சொன்னான் என்பது தெரிந்ததால் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஜன்னல் திரைகளைக் கண்டால் பயம். எதிர்வீட்டுத் திரை அசைந்தால், நெவில் ஞாயிற்றுக்கிழமை உள்ளே வருவதை எண்ணப் போகிறவர்கள் இவர்கள்தானோ என்று தோன்றியது. அடுத்த தெருவில் ஒருத்தி, புருஷன் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று சொல்லிப் பணம் வாங்கினாள். கொடியில் ஆம்பிளைச் சட்டை காய்ந்ததை யாரோ படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் நீதிமன்றத்துக்குப் போனதை ஊரே பேசியது. கெய்னர் தன் பின்கட்டுக் கொடியைப் பார்த்தாள். நெவிலின் இரண்டு பனியன்கள் காற்றில் ஆடின. ஈரமாக இருந்தும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமைகளில் ஒரு தேவாலயக் கூடத்தில் உதவித்தொகை பற்றி ஆலோசனை சொல்லும் பிரிஜெட் என்ற பெண்ணிடம் அவள் போனது நெவிலுக்குத் தெரியாது. பிரிஜெட்டுக்கு மூக்கடைப்பு, பேசும்போதே மேசை டிராயரில் கைக்குட்டை தேடினாள். கெய்னர் சுற்றிவளைத்து, தனக்குத் தெரிந்த ஒருத்தியின் கதையாகச் சொன்னாள். பிரிஜெட் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளகிட்ட சொல்லுங்க கண்ணு," என்றாள். "நிஜமாவே பிரியணும்னா அது அவங்க ரெண்டு பேரோட சமாச்சாரம். யாரும் தடுக்க முடியாது. காகிதத்துல பிரிஞ்சுட்டு சட்டைய இங்க துவச்சா அதுக்குப் பேரு பிரிவு இல்ல, மோசடி. அப்பறம் இன்னொண்ணு. அவ தனியாளா ஆனாலும் வேலை தேடச் சொல்லி விரட்டத்தான் செய்வாங்க. அதுல ஒரு மாத்தமும் இல்ல."

கெய்னருக்கு இது தோன்றியிருக்கவே இல்லை. அவன் இல்லாத வீட்டிலிருந்து தினமும் தொழிற்சாலைக்குப் போய்வருவாள்; அவன் வேறொரு வீட்டில் தனியாக இருப்பான். இத்தனை ஏமாற்றும் செய்து கிடைக்கப்போவது அதுதான்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்றாள் பிரிஜெட். உடம்பு முடியாதவர்களுக்கு அரசு தனியாகப் பணம் தருகிறது. அந்த ஆளுக்கு அது கிடைத்து, மனைவி அவரைக் கவனித்துக்கொள்கிறாள் என்றானால், வேலை அலுவலகம் அவளை விரட்டாது. கவனித்துக்கொள்வதற்கென்று கொஞ்சம் கூடுதலும் சேரும். ஆனால் அறுபத்தாறு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் கிடைப்பது வேறொன்று. நடமாட முடியாததற்குத் தரும் பங்கு அதில் கிடையாது, பின்னால் எப்போதும் சேர்க்கவும் முடியாது.

"அவருக்கு என்னவெல்லாம் முடியல?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கார்," என்றாள் கெய்னர், யோசிக்காமல்.

பிரிஜெட் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "காலுறை யாரு மாட்டிவிடறது?"

"நான்."

"குளிக்கறப்போ?"

கெய்னர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

அவளுக்குப் பிடிபட்டது இதுதான்: சேர்ந்திருக்க வேண்டுமானால் அவனுக்கு இருப்பதையெல்லாம் ஒருவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றாக. மோசமானதிலேயே மோசமானதை. அவள் அம்மா வாசலில் நின்று சொன்னது போல.

பிரிஜெட் சொன்ன வழியை நெவிலிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. முகம் வெளிறியது. அவன் பயந்து அவள் பார்த்தது அபூர்வம். "நான் உதவாக்கரைன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா? அதுக்கு டெரிக் சமைக்கிறதையே தின்னுட்டுக் கெடப்பேன்," என்றான். பிறகு, ரொம்ப மெதுவாக: "அதெல்லாம் வெளிய சொல்றதில்ல, கெய்ன். உனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். அதனால் அக்டோபர் முழுவதும் ஒருவரும் பேச்சை எடுக்கவில்லை. நாள் மட்டும் ஓடியது. அவள் பள்ளியில் பாத்திரம் கழுவும்போது கைதவறி எதையாவது போட்டாள். யாராவது அவள் பெயரைக் கூப்பிட்டால் வீட்டிலிருந்து செய்தி வந்துவிட்டதோ என்று கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.

பிறந்தநாளுக்கு முந்தின சனிக்கிழமை டெரிக் ஒரு வேனை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். நெவிலின் நாற்காலியையும் துணிமணியையும் ஏற்றிப்போக வந்திருந்தான். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கியபோது கெய்னர் மறு காலில் கைவைத்து அழுத்தினாள்.

"அந்தப் பணத்தக் கேட்டு போன் பண்ணு. பண்ணிட்டு எங்க வேணாலும் போ," என்றாள் நெவிலிடம்.

"கெய்ன்."

"அம்பது வருஷமா நான் ஒண்ணும் கேட்டதில்ல. இத கேக்கறேன்."

டெரிக் இரண்டுபேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அம்பது வருஷமா? கல்யாணமாகி முப்பதுதானே ஆச்சு," என்றான்.

"நீ வாய மூடு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

நாற்காலியைத் தரையில் விட்டார்கள். திங்கட்கிழமை, பிறந்தநாளுக்கு முன்பே, நெவில் போன் பண்ணினான். பேர், விலாசம், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, டாக்டர் பெயர்: அவ்வளவுதான் கேட்டார்கள். அவனுக்கு முகமே மலர்ந்துவிட்டது. இதற்கா இத்தனை கூத்து என்றான். முடிவு தெரியும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டான். பிறகு வந்த படிவத்தில் எந்தக் கேள்விக்கும் "சமாளிக்கிறேன்" என்றே எழுதச் சொன்னான். கெய்னர் எழுதினாள். எழுத எழுத, தோற்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே எழுதினாள். அடுத்து ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டு விசாரிப்பாள், அதுதான் முக்கியம் என்று பிரிஜெட் எச்சரித்திருந்தாள்.

நர்ஸ் கூப்பிட்டது பிப்ரவரியில், மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில். போனைச் சமையலறை மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்கள். நர்ஸின் குரல் இளசாக, அன்பாக இருந்தது. அதுதான் ஆபத்து என்று கெய்னருக்கு உடனே தோன்றியது. அன்பாகப் பேசுகிறவர்களிடம் நெவில் எப்போதும் கொஞ்சம் மிடுக்குக் காட்டுவான்.

எப்படி இருக்கீங்க என்று கேட்டாள். குறையொன்றும் இல்லை என்றான். சமைக்க முடியுமா? இந்த ஊரில் மீன் பொரிக்கத் தெரியாத ஆம்பிளை உண்டா என்று சிரித்தான். அவளும் சிரித்தாள், தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. சட்டை போட, பொத்தான் மாட்ட? இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். நடக்க? கிளப்புக்கு நடந்தேதான் போகிறேன். பஸ் நிறுத்தத்து இருக்கையிலும், மருந்துக்கடைச் சுவரிலும், கிளப்புக்கு முந்தின வீட்டுக் கேட்டிலும் சாய்ந்து சாய்ந்து நின்று போவதைச் சொல்லவில்லை. குளியல்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல். ஒவ்வொரு பதிலுக்கும் அந்தத் தட்டச்சுச் சத்தம். கெய்னருக்கு அது கதவில் ஆணி அடிப்பது போல் இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் முடிந்துவிடும். டெரிக் வேனோடு வருவான்.

"கூட யாராவது இருக்காங்களா மிஸ்டர் பிளாஞ்சர்டு? அவங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்."

"சம்சாரம் இருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல," என்றான் நெவில்.

கெய்னர் வாயைத் திறந்தாள். வாசலில் நிற்கும் அம்மாவும், பூட்ஸை இழுத்துவிடும் அப்பாவும் கண்ணில் வந்தார்கள். அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"காலுறை," என்றாள்.

"சாரி, கேக்கல."

"காலுறை அவரால போட முடியாது. நான்தான் போட்டுவிடறேன்."

நெவில் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. போனையே பார்த்தபடி சொன்னாள். ஒன்று வெளியே வந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றவை வந்தன. பொத்தான் போட விரல் மடங்காததை, இறைச்சியை அவள்தான் நறுக்கித் தருவதை, கிளப்புக்குப் போகும் வழியிலிருக்கும் மூன்று நிறுத்தங்களை, மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதை, படுக்க முடியாமல் நாற்காலியில் விடியும் ராத்திரிகளை, சில நாள் கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆகிவிடுவதை. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது நெவில் "போதும்" என்றான். அவள் நிறுத்தவில்லை. இதற்கு மேல் இன்னும் ஒன்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது நினைத்துமுடிக்கத் தைரியமில்லாமல் விட்டது.

"நான் வெளிய போயிருக்கறப்போ விழுந்து, எழுந்திரிக்க முடியாம செத்துக் கிடப்பாரோன்னு எனக்குப் பயமா இருக்கு. தினமும்."

சொல்லிவிட்டாள். அவளுக்குக் காது அடைத்தது. மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஏதோ ஒன்று இப்போதே நடக்கும், இந்த நிமிஷமே நடக்கும் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. "மிஸ்டர் பிளாஞ்சர்டு, அவங்க சொன்னது சரிதானா?" என்றாள் நர்ஸ்.

நெவில் மேசையிலிருந்த ரொட்டித்துணுக்குகளை விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் தள்ளிமுடித்தான்.

"ஏற்கெனவே விழுந்தேன்," என்றான்.

கெய்னர் நிமிர்ந்தாள்.

"கோடைக்கு முன்னால. முழங்காலுக்கு இதமா இருக்கும்னு குளியல் தொட்டியில இறங்கினேன். கால் வழுக்குச்சு. எழுந்திரிக்க முடியல. தண்ணி ஆறிப்போச்சு. அடைப்பானக் கால் விரலால இழுத்து தண்ணிய விட்டுட்டேன், அதுக்கு மேல முடியல. அவ பள்ளிக்கூடத்துலேந்து வர்ற வரைக்கும் அப்படியேதான் கெடந்தேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தித் தொடர்ந்தான். "அவ வந்து கீழேருந்து கூப்பிட்டா."

கெய்னருக்கு அந்த நாள் நினைவு வந்துவிட்டது. "நீ பாடிட்டிருந்த," என்றாள்.

"பாடாம இருந்தா மேல ஏறி வந்திருப்ப."

"நான் உன்னைய திட்டினேன். மகாராஜா மாதிரி ஊறிக்கிட்டு இருக்கியான்னு."

"ஆமா. திட்டிட்டு அடுப்படிக்குப் போயிட்ட. அப்பறம்தான் வாஷ்பேசினப் பிடிச்சு, எப்படியோ எழுந்தேன்." அவன் போனைப் பார்த்துச் சொன்னான், அவளைப் பார்த்து அல்ல. "அதுக்கப்பறம் நான் தொட்டியில இறங்கவே இல்லம்மா. ஞாயித்துக்கிழமை தண்ணியத் தொறந்துவிட்டுட்டு தொட்டிக்கு வெளிய ஸ்டூல்ல உக்காந்திருப்பேன். டெரிக் வீட்டுல தொட்டி கெடையாது. நின்னே குளிச்சுக்கலாம்."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது நீளமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன் முடிந்ததும் நெவில் எழுந்து பின்கட்டுக்குப் போனான். மழையில் நின்றான். அவள் மேல்கோட்டை எடுத்துப்போய் அவன் தோளில் போட்டாள்.

"என்னைய அம்மணமா நிறுத்திட்ட," என்றான்.

"தொட்டிக் கதையச் சொல்லி நீயும்தான் நின்ன."

அவன் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனான். அன்றும் அடுத்த பல நாட்களும் அதிகம் பேசவில்லை. காலையில் அவள் வானிலை கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய மாதிரி கேட்டால் பொய்யாக இருக்கும். வேறு மாதிரி கேட்க வாய் பழகவில்லை. காலுறை மாட்டும்போது மட்டும் அவன் ஜன்னலைப் பார்க்காமல் அவள் தலையைப் பார்ப்பதை உணர்ந்தாள். பள்ளி முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வருவாள். சாவியைப் போடுவதற்கு முன் கதவில் காதை வைத்துக் கேட்பாள். எதிர்வீட்டுத் திரை அசைந்தால் அசையட்டும்.

வசந்தம் தொடங்கும்போது முடிவு வந்தது. அன்றாட உதவிக்கானது, நடமாட்டத்துக்கானது என இரண்டு பங்கும் கொடுத்திருந்தார்கள். வேலை அலுவலகத்து இளைஞன், இனி நீங்கள் வரவேண்டியதில்லை, அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். பிரிஜெட் தும்மலுக்கு நடுவே வாழ்த்துச் சொன்னாள்.

கெய்னருக்குச் சந்தோஷம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளும் எதிர்பார்த்தாள். ஆனால் பள்ளிச் சமையலறையின் பின்வாசலில் கைகழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அது உறைத்தது. அவர்கள் நம்பிவிட்டார்கள். மறுத்திருந்தால், தான்தான் பயத்தில் மிகைப்படுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். படித்தவர்கள், பார்த்துப் பழகியவர்கள், ஆமாம், நீ சொன்ன அளவுக்கு மோசம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நெவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டான். "அப்போ நான் அவ்வளவு மோசமாத்தான் இருக்கேனா?"

முன்னாலென்றால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பாள். "ஆமா, நெவ்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "டெரிக்குக்குப் போன் போட்டு அந்த ரூம வேற யாருக்காவது விடச் சொல்லு," என்றான். "நல்லா சமைக்கிறவனாப் பாத்து."

அவள் டெரிக்குக்குப் போன் போட்டாள். டெரிக் வழக்கம்போல வளவளவென்று பேசினான். அந்த அறையில் சைக்கிளை நிறுத்தப்போவதாகச் சொன்னான், வேனுக்குக் கொடுத்த பெட்ரோல் காசைப் பற்றி முணுமுணுத்தான். நெவில் இதற்கிடையில் மெதுவாக மாடிக்கு ஏறிப்போனதை அவள் கவனித்தாள். படியில் இரண்டு இடத்தில் நின்றான். பிறகு குளியலறைக் கதவு. கைகழுவும் தண்ணீர்ச் சத்தம்.

டெரிக் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே எதுவோ தொப்பென்று விழுந்தது.

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். படிகளில் கால் தடுக்கியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"ஒண்ணுமில்ல கெய்ன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, நன்றாக, தெளிவாக, கொஞ்சம் சிரிப்போடுகூட. "சோப்புப் பெட்டிதான்."

அவள் கதவுக்கு வெளியே நின்றாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அன்று தொட்டியில் கிடந்தபடி பாடியதும் இதே குரல்தான். கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறந்தாள்.